இரண்டாம் வாசலில் வாங்கி வைத்த பீடிகள்

நாள்: 10.11.2025, திங்கட்கிழமை. நேரம்: காலை 11.20 மணி.
பொருள்: ராமதாஸ் (வயது 61) என்பவர் மருத்துவமனை வளாகத்தில் இறந்து கிடந்தது தொடர்பாக.
வாக்குமூலம் கொடுப்பவர்: உச்சிமாகாளி, வயது 58, தகப்பனார் பெயர் சுடலைமுத்து, பட்டினத்தார் கோயில் தெரு அருகில், திருவொற்றியூர். தொழில்: மருத்துவமனை வாசல் காவலர்.
பதிவு செய்தவர்: உதவி ஆய்வாளர் பிராங்கிளின்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி செல்வக்கனியுடன் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் திசையன்விளைக்குப் பக்கம். பத்தொன்பதாம் வயதில் பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து, உறவினர் கடைகளில் எட்டு வருடம் வேலை பார்த்து, அதன் பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடகரை அறக்கட்டளை மருத்துவமனைக்கு எதிரில் சொந்தமாகப் பெட்டிக்கடை வைத்து முப்பது வருடம் நடத்தினேன். இப்போது அதே மருத்துவமனையின் இரண்டாம் வாசலில் காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை காவல் வேலை பார்க்கிறேன். இன்று என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாக வந்திருக்கிறேன்.

கடந்த ஆறாம் தேதி மருத்துவமனை அலுவலகத்தில் என்னிடம் ஒரு தடவை எழுதி வாங்கினார்கள். ராமதாஸ் செவ்வாய்க்கிழமை மாலை தன்னுடைய உறையை என்னிடம் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார் என்று அதில் சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட காரணத்தால், அவருக்குப் பீடி கொடுத்தது சலவைக் கூடத்தில் வேலை பார்க்கும் செங்கொடிதான் என்று முடிவு கட்டி, அந்தப் பெண்ணை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த நிலையத்திலும் அவளை இரண்டு தடவை உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். செங்கொடி ஒரு பாவமும் அறியாதவள். பீடி கொடுத்தது நான்.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் என் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுத்தர் ஐயா அதெல்லாம் வேண்டாம் என்கிறார். வேண்டும். பெட்டிக்கடையில் முன்பக்கம் மிட்டாய் பாட்டில், மேலே வாழைத்தார், நடுவில் ஷாம்புச் சரம். வருகிறவர் முகம் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. கைதான் தெரியும். முப்பது வருடம் நான் கையைப் பார்த்துத்தான் சரக்குக் கொடுத்தேன். எந்தக் கைக்கு எந்தப் பீடி என்று மனப்பாடம். கை நீளும்போதே கட்டு அதில் இருக்கும், வாய் திறந்து கேட்கவே வேண்டாம். ஒரு நாளும் ஒருவர் சரக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்ததில்லை. இதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அதன் பிறகு இந்த வருடம் ஜனவரி மாதம் மருத்துவமனையைப் புகையில்லா வளாகம் என்று அறிவித்தார்கள். எதிரில் பீடிக்கடை இருக்கக் கூடாது என்று என் கடையும் எடுக்கப்பட்டது. நிர்வாக அதிகாரி தேவப்பிரியம் சார் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். அவர்தான் இரக்கப்பட்டு, பீடியைப் பற்றி இவரைவிடத் தெரிந்தவர் யார் என்று சொல்லி எனக்கு இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தார். பீடி விற்றவரே பீடி பிடிக்க வந்துவிட்டார் என்று ஆட்டோக்காரர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

என் வேலை இன்னது என்று சொல்கிறேன். நோயாளியோ பார்க்க வருகிறவரோ உள்ளே போகுமுன் கையில் இருக்கும் பீடி, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் என் ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். நான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின் அடித்து, எண் எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, அதே எண் அடித்த அலுமினிய டோக்கனை அவரிடம் கொடுப்பேன். பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதுவேன். வெளியே போகும்போது டோக்கனைக் கொடுத்து உறையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு எண்ணுக்கு ஒரு டோக்கன்தான் உண்டு. ஜன்னலின் மேல்பாதிக் கண்ணாடியை மறைத்து 'இது புகையில்லா வளாகம்' என்ற பெரிய அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு அரைவட்டத் துவாரம். ஆக இங்கேயும் எனக்குக் கைதான் தெரியும். இது தவிர, வளாகத்தில் எங்காவது புகை வாசனை வருகிறது என்று யார் வந்து சொன்னாலும் உடனே போய்ப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டியதும் என் பொறுப்பு. இதை ஆய்வாளர் ஐயா நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில உறைகளை யாரும் வந்து வாங்குவதில்லை. முதல் மாதம் எனக்குக் காரணம் புரியவில்லை. அதன் பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பின்பக்கம் நான்காம் வாசல் வழியாக வண்டியில் கொண்டுபோவார்கள். உறவினர்களும் அந்த வண்டியிலேயே ஏறிப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் பீடிக்கட்டு யாருக்கு ஞாபகம் வரும். அதனால் உறை திரும்ப வாங்கப்பட்டால் ஆள் பிழைத்துவிட்டார் என்றும், உறை தங்கிவிட்டால் ஆள் போய்விட்டார் என்றும் எனக்கு ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. பத்து மாதத்தில் இது ஒரு தடவைகூடப் பிசகவில்லை. தங்கும் உறைகளை முப்பது நாள் கழித்து அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. நான் அழிக்கவில்லை. அடுத்தவர் பொருள், அவர் கையில் டோக்கன் இருக்கிறது, அவர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒரு கடைக்காரன் புத்தி. ஜன்னலுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டியில் போட்டு வைத்தேன். அந்தப் பெட்டியில் அப்போது இருபத்திரண்டு உறைகள் இருந்தன.

அதில் ஒன்று அறுபத்து மூன்றாம் எண் உறை. அது டென்னிஸ் என்பவருடையது. ராயபுரத்தில் குடியிருந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கடை இருந்த காலத்திலேயே எனக்கு வாடிக்கை. சிவப்பு நூல் கட்டிய பீடிதான் பிடிப்பார். வலது கைக் கட்டைவிரல் நகம் எப்போதோ இரும்புச் சங்கிலியில் நசுங்கி, நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கும். ஜூன் மாதம் நெஞ்சு வலியோடு வந்து, என்னிடம் பீடியைக் கொடுத்து டோக்கன் வாங்கி உள்ளே போய், நான்காம் நாள் இறந்துவிட்டார். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். டோக்கனும் திரும்பவில்லை, உறையும் போகவில்லை.

ராமதாஸ் காசிமேட்டைச் சேர்ந்தவர். விசைப்படகு டிரைவராக இருந்தார். அவரும் இருபது வருட வாடிக்கை. பச்சை நூல் பீடி. படகில் இரும்புக் கம்பி சுற்றும்போது சிக்கி, வலது கை ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணுவும் இல்லை. மூச்சுத் திணறல் என்று கடந்த மாதம் 26-ஆம் தேதி மகள் ஜெயஸ்ரீ கொண்டுவந்து சேர்த்தாள். அன்றைக்கு அவருக்கு நான் கொடுத்த டோக்கன் எண் இருபத்தேழு. அதை அவர் சட்டைப் பையில் போட்டதை நான் துவாரத்தின் வழியாகப் பார்த்தேன்.

அதன் பிறகு கடந்த 4-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து நல்ல மழை. சுமார் மூன்றரை மணிக்கு ராமதாஸ் வார்டிலிருந்து இறங்கி, வாசல் கொட்டகையின் பின்கதவு வழியாக என்னிடம் வந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. என் முக்காலியில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு குடு. கட்டு வோணாம். பத்து நாளா வாயி பொணம் மாரி கீது" என்றார். நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பிடியும் என்றேன். வீட்டுக்கு எங்கே விடுகிறார்கள் என்று கேட்டார். அது உண்மைதான், சீட்டு இல்லாமல் நோயாளியை வாசலுக்கு வெளியே விடக் கூடாது, அதைத் தடுக்க வேண்டியவனும் நான்தான்.

ஒன்றே ஒன்று என்று அவர் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் நீட்டின கைக்கெல்லாம் கொடுத்துப் பழகிவிட்டேன். அவருடைய உறையைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் அலமாரியில் இருக்கும் உறைகளை மேற்பார்வையாளர் தினமும் சாயங்காலம் சரிபார்ப்பார். தகரப்பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. அதனால் பெட்டியைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்ட உறையைப் பிரித்து, அதிலிருந்து ஒரு பீடியும் இரண்டு தீக்குச்சியும், உரசுவதற்குத் தீப்பெட்டியில் பாதி அட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அது அறுபத்து மூன்றாம் எண் உறை. "லாண்டரிக்குப் பின்னால தண்ணித் தொட்டிப் பக்கம் போம்வே, அங்க கேமரா கிடையாது" என்று இடமும் சொல்லி அனுப்பியது நான்தான். அவர் சிவப்பு நூலைப் பார்த்துவிட்டு, இது நம்ம பீடி இல்லையே என்று சிரித்தார். இன்றைக்கு ஒரு நாள் அடுத்தவருடையதைப் பிடியும் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது. ஜன்னலில் கூட்டம் நெருக்கியது. வந்த கை எல்லாம் நனைந்திருந்தது, பதிவேடு முழுக்க ஈரம். 4.12 மணிக்கு ஒரு கை வந்து டோக்கனை வைத்தது. எண் இருபத்தேழு. நான் அலமாரியிலிருந்து இருபத்தேழாம் உறையை எடுத்துத் துவாரத்தில் தள்ளினேன். கை அதை எடுத்துக்கொண்டு போனது. ராமதாஸ் ஒரு பீடி பிடித்தும் ஆசை அடங்காமல், கட்டையும் வாங்கிக்கொண்டு மழையோடு வீட்டுக்கே நழுவுகிறார் என்று நினைத்தேன். தடுத்திருக்க வேண்டும். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கையைப் பற்றி இரண்டு விஷயம் அப்போதே கண்ணில் பட்டது. ஒன்று, அந்தக் கை மட்டும் நனையாமல் காய்ந்திருந்தது. மற்றொன்று, நக இடுக்கில் மணல் இருந்தது. காசிமேட்டு ஆள் கையில் மணல் இல்லாமல் சந்தனமா இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த டோக்கனை வாங்கினேன்.

அதன் பிறகு சுமார் ஐந்து மணிக்கு வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, ஒன்பதாம் கட்டில் காலியாக இருக்கிறது, ராமதாஸ் வெளியே போனாரா என்று கேட்டார். உறையை வாங்கிவிட்டார் என்று சொன்னேன். அதைக் கேட்டு, சொல்லாமல் சென்றுவிட்டார் என்று எழுதிக் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வளாகத்துக்குள் யாரும் தேடவில்லை. அதன் பிறகு ஐந்தரை மணி அளவில் செங்கொடி குடையைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து, "அண்ணாச்சி, தொட்டிக்குப் பின்னாடி பீடி நாத்தம் வந்துகினே கீது, ஒரு தபா வந்து பாரு" என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. அங்கே ஆளை அனுப்பியவனே நான். போய்ப் பார்த்தால் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதினால் பீடி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மழையில் எந்த நாற்றமும் எங்கேயும் போகாது, வேலையைப் பாரம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு ஆறு மணிக்கு ஜெயஸ்ரீ அப்பாவுக்கு ரசம் சாதம் எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் வேறு ஆள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். அவள் அழவில்லை. "எங்க நைனாவ நீ கண்ணால பாத்தியா அண்ணாச்சி?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். நான் கையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நான் அவளிடம், "கவர வாங்கிட்டாரும்மா. கவர் வாங்கினவரு உசுரோடதான் இருப்பாரு, நீ பயப்படாத" என்று சொன்னேன். அவள் என்னை நம்பி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, காசிமேட்டு ஏலக்கூடம், படகுத் துறை, மீஞ்சூரில் இருக்கும் அத்தை வீடு என்று மறுநாள் முழுக்க அலைந்திருக்கிறாள். அப்பா அவள் நின்ற இடத்திலிருந்து நூறு அடியில் கிடந்திருக்கிறார். இந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வேலைக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதே செங்கொடி வந்து நின்றாள். அதே இடத்தில் அதே வாசனை என்றாள். நேற்றைய வாசனை உன் மூக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கிண்டல் செய்தேன். அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மூச்சுத் திணறி எழுந்திருக்க முடியாமல் கிடந்த ராமதாசுக்குப் புதன்கிழமை விடிந்து சில மணி நேரம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாக ஆய்வாளர் ஐயா சொன்னார். அப்படியானால் செங்கொடி என்னைக் கூப்பிட்ட இரண்டு தடவையும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். புகையைப் பிடிக்க வைத்த காவலன் நான், புகை வருகிறது என்று இரண்டு தடவை வந்து சொல்லியும் எழுந்து போகவில்லை.

வியாழக்கிழமை காலையும் வாசனை வந்ததால், என்னை நம்பிப் பயனில்லை என்று செங்கொடி தானே தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறாள். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ராமதாஸ் ஒருக்களித்துக் கிடந்தார். அவள் கத்திய சத்தம் கேட்டு நானும் ஓடினேன். பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய ஒரே ஒரு பீடித்துண்டு, ஈரத்தில் ஊறி நைந்து கிடந்தது. இதைக் கவனமாக எழுத வேண்டும். நான் கொடுத்தது ஒரு பீடி. ஒரு பீடி ஐந்து நிமிடம்கூட நிற்காது. செவ்வாய் சாயங்காலம், புதன் காலை, வியாழன் காலை என்று மூன்று நாள் அங்கே வாசனை வந்தது. நானும் அங்கே நின்றபோது அந்த வாசனையை முகர்ந்தேன். அது சிவப்பு நூல் பீடியின் வாசனை. இதில் நான் தவறமாட்டேன்.

அதன் பிறகு உங்கள் ஆட்கள் வந்து, எங்கள் முன்னிலையில் ராமதாஸ் சட்டைப் பையைச் சோதித்தபோது உள்ளே ஒரு அலுமினிய டோக்கன் இருந்தது. இருபத்தேழாக இருக்க முடியாது, அதை நான் செவ்வாய்க்கிழமையே வாங்கி டோக்கன் பெட்டியில் போட்டுவிட்டேன். எடுத்துத் துடைத்துப் பார்த்தார்கள். எண் அறுபத்து மூன்று. அவர் சேர்ந்த அன்றே நான் எண்ணை மாற்றிக் கொடுத்திருப்பேன் என்று ஐயா அப்போது சொன்னார். பதிவேட்டைப் பாருங்கள். அறுபத்து மூன்று ஜூன் மாதமே டென்னிஸ் பெயரில் போய்விட்டது, அதற்குப் பிறகு அந்த எண் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

8-ஆம் தேதி சனிக்கிழமை அந்த ஜன்னலைப் பார்த்த கேமராவின் பதிவை எனக்கு இங்கே போட்டுக் காட்டினீர்கள். 4.12 மணிக்கு நான் உள்ளேயிருந்து உறையைத் தள்ளுவது தெரிகிறது. டோக்கனை எடுத்துப் பெட்டியில் போடுவது தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே ஆள் இல்லை. யாரும் இல்லாத இடத்துக்கு உறையைத் தள்ளியிருக்கிறேன், காற்றில் விழுந்திருக்கும், கூட்டத்தில் யாராவது எடுத்திருப்பார்கள் என்றீர்கள். நான் அந்தப் பதிவை மறுபடியும் போடச் சொன்னேன். மழைக்கு ஒதுங்கி ஜன்னல் ஓரம் பத்துப் பேர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. பின்னால் குடையோடு நிற்கும் ஒரு அம்மாள், யாருக்கோ வழிவிடுவது போல இரண்டு தடவை நகர்ந்துகொள்கிறார். அந்த அம்மாளைக் கண்டுபிடித்து யாருக்கு வழிவிட்டார் என்று கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை விசாரித்துக்கொண்டு ராயபுரத்தில் டென்னிஸ் மனைவி ஐரீன் வீட்டுக்குப் போனேன். அவரை என்ன சட்டையில் அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன நீலச் சட்டையிலேயே, அது அவருக்குப் பிடித்த சட்டை என்றார். பையில் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். "ஒரு தகர டோக்கன் இருந்திச்சு. ஆஸ்பத்திரி சமாச்சாரம், வூட்ல இன்னாத்துக்குன்னு அப்டியே வுட்டுட்டேன்" என்றார். அதன் பிறகு அவராகவே, காலையில் சர்ச்சில் பூசை முடிந்து கல்லறைக்குப் போனதாகவும், யாரோ அங்கே உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டு அசிங்கம் செய்திருப்பதாகவும் குறைப்பட்டார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைக்குப் போய்ப் பார்த்தேன். டென்னிஸ் கல்லறைச் சிமெண்ட் மேடையில் மூன்று பீடித்துண்டுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் பச்சை நூல். சுற்றிலும் மணல் மழையில் கெட்டிப்பட்டிருந்தது, அங்கே நானும் அந்த அம்மாளும் வைத்த கால்தடம் தவிர வேறு தடம் இல்லை. அந்தத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து இன்று உங்களிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

கல்லறையில் நின்றபோதுதான் அந்தக் கையின் மற்ற விவரம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. டோக்கனை வைத்த கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக இருந்தது. என் கண் அதைப் பார்த்திருக்கிறது. பழைய வாடிக்கை என்று தெரிந்துகொண்டு என் கை கொடுத்துமிருக்கிறது. இது எந்த வாடிக்கை என்று யோசிக்கத்தான் எனக்கு நேரம் இல்லாமல் போனது.

நான் படிப்பு இல்லாதவன், எனக்குத் தெரிந்த நியாயம் கடை நியாயம். டென்னிஸ் பொருளை அவரைக் கேட்காமல் எடுத்து ராமதாசுக்குக் கொடுத்தேன். டென்னிஸ் வந்து ராமதாஸ் பொருளை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய டோக்கனை இவர் பையில் வைத்துவிட்டு இவர் டோக்கனை எடுத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று நாளும் அந்த இடத்தில் பீடி வாசனையைக் கிளப்பி என்னைக் கூப்பிட்டதும் அவராகத்தான் இருக்க வேண்டும். செத்தவர் செய்ததை உயிரோடு இருந்த நான் செய்யவில்லை. ஐயா இதை நம்ப வேண்டாம். ராமதாசுக்குப் பீடி கொடுத்ததும், கேமரா இல்லாத இடத்தைக் காட்டியதும், இரண்டு தடவை கூப்பிட்டும் போகாததும், ஜெயஸ்ரீயிடம் பொய்த் தைரியம் சொன்னதும் நான் என்பதை நம்பினால் போதும். செங்கொடியை வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். ஜெயஸ்ரீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே சொன்னதை அவளிடமும் நானே சொல்ல வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. ராமதாசுக்குரிய உறை அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவரும் நான்காம் வாசல் வழியாகத்தான் போனார். என்னை ஜெயிலில் போடுவதானால் போடலாம், அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள், சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த ஜன்னலில் என்னை உட்கார விட வேண்டும். பச்சை நூல் பீடி ஒரு கட்டும் தீப்பெட்டியும் உறையில் போட்டு, இருபத்தேழு என்று எழுதி வைத்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் இருந்த அறிவிப்பைக் கிழித்தது யார் என்று மருத்துவமனையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மாலை கல்லறையிலிருந்து வந்ததும் நான்தான் கிழித்தேன். இனி வருகிறவர் முகம் எனக்குத் தெரியும். ஒரு விரல் குறைந்த கை அந்தத் துவாரத்தில் வந்தால், டோக்கன் கேட்கமாட்டேன். எழுந்து நின்று, முகத்தைப் பார்த்துக் கொடுப்பேன்.

மேலே உள்ளதை நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டிச் சொல்லவில்லை. போன தடவை விட்டதை இந்தத் தடவை விடவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சு. உச்சிமாகாளி
10.11.2025, பகல் 1.05 மணி

என் முன்னிலையில்,
(ஒப்பம்)
பிராங்கிளின், உதவி ஆய்வாளர்